பதினைந்து பக்க வலி

அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு ஒழுக்கம் அதிகம். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் நடுவில் பிறந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிறந்து பெரியவர்களின் ஓய்வைக் கெடுப்பது, அர்த்தராத்திரியில் பிறந்து தெருவை எழுப்பிவிடுவது போன்ற கெட்ட பழக்கங்கள் அவர்களிடம் கிடையாது.

இதில் கிரகங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து டாக்டர் நகரத்திலிருந்து வந்து போவது அந்த இரண்டு நாட்கள்தான். அவர் வரும் நாளில் வலி எடுத்தவள், எடுக்காதவள், அடுத்த வாரம் எடுக்கக்கூடியவள் எல்லோரும் வரிசையாக ஆபரேஷன் மேஜைக்குப் போனார்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன: இடுப்பு சின்னது, தண்ணீர் குறைவு, கொடி சுற்றியிருக்கிறது. ஒல்லியானவளுக்கு இடுப்பு. குண்டானவளுக்குத் தண்ணீர். இரண்டிலும் சேராதவளுக்குக் கொடி. வயிற்றைப் பையின் ஜிப் போலத் திறப்பதால் பெண்கள் அவருக்கு ஜிப்பம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் ஜிப்பம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வியாழக்கிழமை வலியோடு வந்த ஒருத்தியை நகரத்துக்கு அனுப்பினார். வண்டி பாதி வழியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிலிருந்து அவர் பொறுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். உதவிக்கு ஆள் இருக்கும் நாளிலேயே எல்லா வயிற்றையும் காலி செய்துவிட்டால் வியாழக்கிழமை நிம்மதியாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். வயிறுகளைத்தான் யாரும் கேட்கவில்லை.

வயிறுகளின் சொந்தக்காரிகளும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பதிலுக்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மற்ற நாளில் வலி வந்தாலும் நேராக உள்ளே போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, வலி நன்றாகக் கனிந்த பிறகு ரோட்டைத் தாண்டுவார்கள். தலை தெரிகிற நேரத்தில் போய் நின்றால் எந்த டாக்டரால் என்ன செய்ய முடியும்?

ஜெராக்ஸ்காரர் இதற்கென்று ஒரு முறையே கண்டுபிடித்திருந்தார். அவருடைய மெஷின் நாலு விநாடிக்கு ஒரு பக்கம் துப்பும். வலி தொடங்கும்போது பித்தானை அழுத்துவார், விட்டதும் நிறுத்துவார். வந்த தாள்களை எண்ணி, "ஒம்போது பக்க வலி. இன்னும் நேரம் இருக்கும்மா, டீ சொல்லவா?" என்பார். வலி பதினைந்து பக்கத்தைத் தொட்டு, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையே ஐம்பது பக்கம் ஓடும் நேரம்கூட இல்லை என்றால் கிளம்பலாம். ஒரே ஒரு முறைதான் கணக்கு தவறியது. அந்தக் குழந்தை லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்திலேயே பிறந்துவிட்டது. இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறது. கூட்டாளிகள் அதை லேமினேஷன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் கடை பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவம். பக்கத்தில் மாமியார், கையில் பிளாஸ்க், மாற்றுத்துணிப் பை. கணவன் பால் லாரியோடு போயிருந்தான். சாயங்காலம்தான் வருவான்.

தையல்காரிக்கு வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஓரகத்தி. கணவனின் அண்ணன் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, 'இடுப்பு சின்னது' என்று வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பாதித் தாய். குழந்தைக்குச் சளி பிடித்தால், "வலிச்சுப் பெத்திருந்தா தெரியும் அருமை" என்பாள் மாமியார். அவள் குடத்தைத் தூக்கத் தயங்கினால், "உனக்கென்னம்மா, பெட்டியத் தொறந்து புள்ளைய எடுத்துக் கையில குடுத்துட்டாங்க" என்பாள். ஓரகத்தி தழும்பு இருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். அந்தக் கை போகும் இடத்தைத் தையல்காரி இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் மூன்று பெற்றவள். மூன்றும் அடுப்படியில். தையல்காரி கல்யாணமாகி வந்த புதிதில், பிள்ளையைப் பெற்றுவிட்டு மறுநாளே சமைத்ததாகத்தான் கதை இருந்தது. பிறகு அது அன்றைக்கே சமைத்ததாக மாறியது. போன மாதம் கேட்டபோது, கிளறிக்கொண்டே பெற்றதாக இருந்தது.

"பன்னெண்டு," என்றார் ஜெராக்ஸ்காரர்.

"பாத்தியா, ஏறிக்கிட்டே போகுது," என்றாள் மாமியார். "பல்லக் கடிச்சுக்க. நம்ம வீட்டு ராசி, மதியத்துக்குள்ள கையில குடுத்துருவ. தம்பி, அந்த ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க."

"திருப்புனா பேப்பர் பறக்கும்மா."

"பறந்தா பறக்கட்டும். புள்ளைய விடப் பேப்பர் பெருசா?"

"பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளும்மா. தெருவுல பறந்தா என்னைத்தான் உள்ள வைப்பாங்க."

தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். அடுத்த வலி சிரிப்பைப் பாதியில் பிடுங்கிக்கொண்டது. மெஷின் ஓடியது. அந்த வலியின் உச்சியில் உள்ளே ஏதோ அறுந்தது போல் இருந்தது. காலுக்கிடையில் வெதுவெதுப்பாக நீர் இறங்கியது.

"பதிமூணு," என்றார் ஜெராக்ஸ்காரர், சுவரைப் பார்த்தபடி. அந்த மாதிரி நேரங்களில் சுவரைப் பார்ப்பது அவர் தொழில் தர்மம்.

"பனிக்குடம் ஒடஞ்சிருச்சு," என்றாள் மாமியார், பரீட்சையில் பாஸானவள் போல. "இனிமே ஓட்டம்தான்."

பெஞ்சில் விரித்திருந்த பழைய வெள்ளைத் துணியைத் தையல்காரி மெதுவாக உருவி, மடிக்கிற சாக்கில் பார்த்தாள். துணி நனைந்திருந்தது. நனைந்த இடம் வெள்ளையாக இல்லை.

அவள் நிறம் பார்த்துப் பிழைக்கிறவள். இருநூறு நூல்கண்டு இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு ரவிக்கைக்குப் பொருந்தும் கண்டை, விளக்கு இல்லாமலே எடுப்பாள். இது நூல் பெட்டியில் இல்லாத பச்சை. பாசி பிடித்த தொட்டியின் அடித்தண்ணீர்ப் பச்சை.

மாதாமாதம் பரிசோதனைக்குப் போகும்போது ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒரே பாட்டைப் பாடுவார்: "தண்ணி தெளிவா போனா பயப்படாத. பச்சையா போச்சுன்னா ஒரு நிமிஷம்கூட எங்கயும் உக்காராத. உள்ள கொழந்தை கஷ்டப்படுதுன்னு அர்த்தம்." இதை எல்லோரிடமும் சொல்வார். ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கும் தந்திரம் இது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். செவ்வாய், வெள்ளி தோறும் பொய்க் காரணம் கேட்டுப் பழகிய காதுக்கு உண்மையும் அதே குரலில்தான் கேட்கும்.

இன்னொன்றும் இருந்தது. அவள் தையல் மெஷினை மிதிக்கும்போதெல்லாம் உள்ளிருந்து பதிலுக்கு உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை விடிகாலையிலிருந்து உதைக்கவில்லை.

வெளியே சொன்னால் கதை முடிந்தது. இங்கேயோ நகரத்திலோ யாரோ ஒருவர் வெட்டுவார். வாழ்நாள் முழுக்க அவளும் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகவேண்டியதுதான். அவள் துணியை மடித்து, பச்சை உள்ளே போகும்படி இன்னொரு மடிப்பு மடித்தாள். ஒரு வலி வந்து போனது. பதினொன்று. இன்னொரு வலி. அதுவும் பதினொன்று.

"கொஞ்சம் எறங்குதே," என்று ஜெராக்ஸ்காரர் தாள்களை மறுபடி எண்ணினார். "பேப்பர் சிக்கியிருக்குமோ?"

"நடந்தா ஏறும்," என்றாள் மாமியார். "எந்திரிச்சு கடைக்குள்ளயே நட."

தையல்காரி வயிற்றை அழுத்திப் பார்த்தாள். உதை வரவில்லை. எழுந்தாள். கடைக்குள் நடக்கவில்லை. வாசலைப் பார்த்து நடந்தாள்.

"அடியே, எங்க போற? பதினொண்ணுதான் ஆயிருக்கு."

"ஆஸ்பத்திரிக்கு, அத்தை."

"இப்ப போனா அவ நிறுத்தி நிதானமா அறுப்பா."

"இன்னிக்குப் புதன்."

"அவ கத்திக்கு நாள் கெழமை ஏது?"

"தண்ணி பச்சையா போகுது அத்தை."

மாமியார் ஒரு கணம்தான் தடுமாறினாள். "பச்சையா போனா என்ன இப்ப? என் ரெண்டாவதுக்கு மஞ்சளா போச்சு. நான் யார்கிட்டயாவது சொன்னனா?"

"நான் கலர் பாத்து சோறு திங்கறவ அத்தை. இது சரியில்ல."

அவள் ரோட்டில் இறங்கிவிட்டாள். மாமியார் பிளாஸ்க், பை, கோபம் மூன்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஒரு சைக்கிள்காரர் நின்று வழிவிட்டார்.

பிரசவ அறையில் ஜிப்பம்மா மாதாந்திர அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "வாங்க வாங்க," என்றார். "ஜெராக்ஸ் எல்லாம் எடுத்து முடிச்சாச்சா? எத்தனை பக்கம் வந்துச்சு?"

அதாவது டாக்டரம்மாவுக்கும் தெரியும். இரண்டு தரப்பும் ஒருவர் ரகசியத்தை ஒருவர் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருந்தார்கள்.

தையல்காரி மடித்த துணியை மேஜைமேல், அறிக்கைக்கு மேலேயே, பிரித்து வைத்தாள். ஜிப்பம்மா திட்ட வாயெடுத்தார். துணியைப் பார்த்ததும் எழுந்து கட்டிலைக் காட்டினார்.

சிஸ்டர் அவளை இடது பக்கமாகப் படுக்கவைத்து, வயிற்றில் கருவியை வைத்துக் கண்ணை மூடி, நூற்றுப் பத்துக்குக் கீழே போகக் கூடாத குழந்தையின் துடிப்பை எண்ணினார். "தொண்ணூறு மேடம்." மறுபடி எண்ணினார். "வலி விட்டும் ஏற மாட்டேங்குது."

டாக்டரம்மா உள்ளே சோதித்தார். கர்ப்பப்பை வாய் பாதிகூடத் திறக்கவில்லை. வண்டிக்குப் போன் போட்டார்கள். வண்டி ஒரு மாரடைப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் போயிருந்தது. வர ஒன்றரை மணி நேரமாகும்.

ஜிப்பம்மாவிடம் செவ்வாய், வெள்ளிக்கு ஒரு பேச்சும் மற்ற நாளுக்கு ஒரு பேச்சும் இருந்தன. அவர் புதன்கிழமைப் பேச்சைத் தொடங்கினார். "பயப்படாதம்மா. வண்டி வர்ற வரைக்கும் பாப்போம். மொதல் பிரசவம்னா கொஞ்சம் பொறுமை வேணும். இயற்கையா நடக்கறதுக்கு நாம வழி விடணும். நீங்களும் அதத்தானே கேக்கறீங்க?" குரல் கனிவாகத்தான் இருந்தது. கைதான் பேனா மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றியது.

"ஆபரேஷன் பண்ணுங்க மேடம்," என்றாள் தையல்காரி.

அந்த ஆஸ்பத்திரிச் சுவர்கள் அந்த வாக்கியத்தை அதற்கு முன் கேட்டதில்லை. சிஸ்டர் கருவியைக் காதிலிருந்து எடுத்தார், சரியாகக் கேட்பதற்கு.

"என்னம்மா சொல்ற?"

"கிழிச்சு எடுங்க. சீக்கிரம்."

"இவளுக்கு வலியில புத்தி கலங்கிருச்சு," என்றாள் மாமியார். "நீங்க எதையும் காதுல வாங்காதீங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக மாமியார் ஒருத்தியை நன்றியோடு பார்த்தார். "எனக்கும் ஆசைதான்மா. மயக்க டாக்டர் வேணுமே. இன்னிக்குப் புதன்கிழமை."

"கூப்பிடுங்க."

"வரமாட்டாரும்மா."

"எப்பவாவது கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?"

ஜிப்பம்மா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை. இந்த மயக்க டாக்டர் வந்து ஆறு வருடம். அதற்கு முன்னால் இருந்தவர் வராதவர். அவர் போன பிறகும் அவருடைய வராமை மட்டும் ஆஸ்பத்திரியில் நிரந்தர ஊழியராக இருந்துவந்தது. மற்ற நாளில் வந்த பெண்களோ, ஜெராக்ஸ்காரர் புண்ணியத்தில், யாரையும் கூப்பிட நேரமில்லாத கட்டத்தில்தான் வந்தார்கள். ஆக, கூப்பிட்டுப் பார்க்கும் சந்தர்ப்பமே யாருக்கும் வாய்க்கவில்லை.

சிஸ்டர் எண்ணைத் தேடிப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னிக்குப் புதன்தானே?" என்றது குரல்.

"ஆமா சார். தண்ணி பச்சை. துடிப்பு தொண்ணூறு."

"முப்பத்தஞ்சு நிமிஷம். ஆக்சிஜன் வைங்க, ஊசி எல்லாம் எடுத்து வைங்க." போன் வைக்கப்பட்டது.

சிஸ்டர் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு சம்மதக் கடிதம் வந்தது. மாமியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் போடமாட்டேன். என் புள்ள வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"அத்தை, வயிறு என்னோடது. பேனாவ இங்க குடுங்க." கோடு போட்ட இடத்தில், வலிக்கு நடுவில், எழுத்து கோணாமல் கையெழுத்துப் போட்டாள். மாமியார் நடையில் போய் நின்று மகனுக்குப் போன் செய்தாள். உள்ளே எல்லோருக்கும் கேட்டது: "ஆமாண்டா, உன் பொண்டாட்டிதான். தானா கேட்டு வாங்கிக்கிறா. எனக்கு ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் இடைவெளி. பிறகு குரல் இறங்கியது. "சீக்கிரம் வாடா. கொழந்தை அசைய மாட்டேங்குதாம்."

மயக்க டாக்டர் முப்பத்திரண்டாவது நிமிடத்தில் வந்தார். மீசையில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. சாயம் பூசிக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. முகமூடியைக் கட்டிக்கொண்டே, "ஆறு வருஷத்துல இதுதான் மொத போன்," என்றார். "செவ்வாய், வெள்ளிக்கு மட்டும்தான் உங்களுக்கு அவசரம் வரும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

முதுகில் ஊசி போட்டதும் தையல்காரிக்குக் கீழ்ப்பாதி காணாமல் போனது. காது மட்டும் போகவில்லை. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் ஓடும் சத்தம் கேட்டது. நல்ல கை, தயக்கமில்லாமல் வெட்டுகிறது என்று அவளுக்குள் இருந்த தொழில்காரி குறித்துக்கொண்டாள். இந்தக் கை கூப்பிடத் தெரிந்த வாயோடு சேர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"கொடி சுத்தியிருக்கு," என்றார் ஜிப்பம்மா. பிறகு, தானே நம்பாதவர் போல, "நெஜமாவே சுத்தியிருக்கு. ரெண்டு சுத்து."

அதன் பிறகு சத்தமே இல்லை. குழந்தை அழவில்லை. ஓரத்து மேஜையில் சிஸ்டரின் முதுகு மட்டும் தெரிந்தது. கை தேய்க்கிறது, உறிஞ்சுகிறது, மறுபடி தேய்க்கிறது. தையல்காரி எண்ண ஆரம்பித்தாள். அதைத் தவிர அவளால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை. நாற்பத்தாறு எண்ணியபோது, கிழிந்த துணி போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. அடுத்தது பெரிதாக வந்தது. அதற்கடுத்தது நடையில் நின்ற மாமியாரைச் சுவரில் சாய வைத்தது.

"பொண்ணு," என்றார் சிஸ்டர்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, ஜிப்பம்மா பதிவேட்டோடு கட்டிலுக்கு வந்தார். "இங்க ஒரு கையெழுத்து."

தையல்காரி வாங்கிப் படித்தாள். ஆபரேஷனுக்கான காரணம் என்ற கட்டத்தில், அழகான எழுத்தில், 'தாயின் விருப்பம்' என்று இருந்தது.

"அவசரம்னு எழுதுனா மேலிடத்துல நூறு கேள்வி வரும்," என்றார் டாக்டரம்மா. "புதன்கிழமை டாக்டர் எப்படி வந்தாரு, அப்ப மத்த புதன்கிழமையெல்லாம் ஏன் வரல, இப்படி. நீதானே கேட்ட? அதத்தான் எழுதியிருக்கேன்."

"அதையேதான் நானும் ரெண்டு நாளா சொல்லிட்டிருக்கேன்," என்றாள் மாமியார், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு. "தெருவுல கேக்கறவங்களுக்கு வேற என்ன சொல்றது? அவளா கேட்டா, அவளா அறுத்துக்கிட்டா."

பல வருடம் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போர் நடத்திய இரண்டு கட்சிகள் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து கை குலுக்கின. நடுவில் தையல் போட்ட வயிறு ஒன்று படுத்திருந்தது.

"பேனா குடுங்க மேடம்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. 'தாயின் விருப்பம்' என்பதன்மேல் ஒரே நேர்க்கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: தண்ணீர் பச்சை. துடிப்பு தொண்ணூறு. கொடி இரண்டு சுற்று. கூப்பிட்டதும் டாக்டர் வந்தார். கட்டம் சின்னது. கடைசி வாக்கியம் அடுத்த கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குக் கீழே கையெழுத்தைப் போட்டாள்.

"இது கவர்மெண்டு புஸ்தகம்மா," என்றார் ஜிப்பம்மா.

"எம் பொண்ணு உயிரோட இருக்கா மேடம். ஏன் இருக்கான்னு அதுல எழுதியிருக்கணும்."

"என்னடி எழுதியிருக்க?" என்றாள் மாமியார். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். பதிவேட்டின்மேல் குனிந்து கூட்டிக் கூட்டிப் படித்தாள். 'கொடி இரண்டு சுற்று' என்ற இடத்தில் நின்றாள். அங்கிருந்து மேலே போகவில்லை. பேத்தியின் கழுத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தையல்காரி அவளை இவ்வளவு நேரம் பேசாமல் பார்த்ததில்லை. இது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை.

ஜிப்பம்மா பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். சிஸ்டர் அன்றைய ஆபரேஷன் பட்டியலோடு எதிரே வந்தார்.

"ஆறு பேர் மேடம். சார் கிளம்பிட்டாராம்."

"ஆறு பேருக்கும் காரணம் எழுதியாச்சா?"

"நேத்தே எழுதிட்டேன் மேடம். ரெண்டு இடுப்பு, ரெண்டு தண்ணி, ரெண்டு கொடி."

டாக்டரம்மா பட்டியலை எட்டிப் பார்த்தார். "அத அழிச்சிட்டு," என்றார், எரிச்சலோடு, "மொதல்ல ஒவ்வொருத்தியா வயித்தத் தொட்டுப் பாரு. நானும் வர்றேன்."

பேனாவில் எழுதியது அழியவில்லை. சிஸ்டர் ஆறையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கை கழுவப் போனார்.